‘அந்த பேட்ச் என்ன ஆச்சு?’: எக்ஸ்இசட் திட்டம் கைமாறிய கதை

2024 மார்ச் 29, புனித வெள்ளி. லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் பலருக்கு அந்த நீண்ட வார இறுதி அப்படியே போயிற்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ ஒரு கள்ளக்கதவு வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அன்றைக்குத்தான் வெளியானது. அந்தக் கதவு எப்படி வேலை செய்தது என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நன்றாகவும் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டரை வருடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒருவர் ஒரு டெவலப்பர் சமூகத்துக்குள் எப்படி வந்தார், எப்படி நம்பிக்கை சம்பாதித்தார், அதற்கு மற்றவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆட்களின் பெயரை எழுதவில்லை. திட்டத்தைக் கவனித்துவந்த பராமரிப்பாளர் இதற்குள் போதுமான அளவுக்கு அடிபட்டுவிட்டார். வந்தவரின் பெயரோ, பெரும்பாலும் நிஜப் பெயரே இல்லை. ஒருவரா ஒரு குழுவா என்பதுகூட இன்றுவரை உறுதியாகவில்லை. வசதிக்காக அவரைப் ‘புதியவர்’ என்கிறேன்.

பின்னணி

லினக்ஸ் பக்கம் எட்டிப்பார்த்தவர்கள் டார்.எக்ஸ்இசட் என்று முடியும் கோப்பு ஒன்றையாவது பிரித்திருப்பார்கள். அந்தக் கருவியும் அதன் நூலகமும்தான் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) விஷயம். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பேக்கேஜ்களைச் சுருக்குவது அதுதான். கெர்னல் மூலநிரலையும் அந்த வடிவத்தில்தான் இறக்குகிறோம். உலகத்தின் பாதி சர்வர்களில் ஏதோ ஒரு மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் பெரிதாக மிகையில்லை.

இதைப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கவனித்துவந்தவர் ஒரே ஒருவர், ஃபின்லாந்துக்காரர். இதற்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. திட்டத்துக்கென்று ஒரு சின்ன மெயிலிங் லிஸ்ட் உண்டு, மாதத்துக்குச் சில மடல்கள் வந்தால் அதிகம். பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்பினால் அவருக்கு நேரம் கிடைக்கும்போது பார்ப்பார். சில நேரம் மாதக்கணக்கில் பார்க்க மாட்டார். இதில் அதிசயம் எதுவும் இல்லை, நாம் தினமும் நம்பியிருக்கும் பல நூலகங்களின் நிலைமை இதுதான்.

புதியவர் வந்த விதம்

2021 அக்டோபர் 29 அன்று லிஸ்டுக்குப் புதியவரின் முதல் பேட்ச் வந்தது. எடிட்டருக்கான ஒரு அமைப்புக் கோப்பு. டேப் வேண்டுமா இடைவெளி வேண்டுமா, வரி எங்கே முடிய வேண்டும் என்பதுபோலச் சமாச்சாரம். புதிதாக வருபவர்கள் வழக்கமாக அனுப்புவது இதைப்போன்ற ஒன்றைத்தான், நானும் அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் தொந்தரவில்லை, மறுக்கவும் காரணமில்லை. ஒரு மாதம் கழித்து பில்ட் (கோடை இயங்கும் நிரலாக மாற்றும் வேலை) தொடர்பான இன்னொரு சின்னத் திருத்தம். 2022 பிப்ரவரியில் அவர் பெயரில் முதல் கமிட் (திட்டத்தின் கோடில் பதிவாகும் மாற்றம்) உள்ளே போனது, அது நல் பாயின்டரை (எதையும் சுட்டாத முகவரியை) சோதிக்கும் ஒரு திருத்தம், உபயோகமானதும்கூட.

அதே 2021 நவம்பரில் லிப்ஆர்க்கைவ் என்ற வேறொரு திட்டத்துக்கும் ஒரு மாற்றம் அனுப்பினார். பிழைச் செய்தியை இன்னும் விவரமாகக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, பாதுகாப்பாக அச்சிடும் ஒரு ஃபங்ஷனை எடுத்துவிட்டுச் சாதாரண ஃபங்ஷனைப் போட்டிருந்தார். அது ஏற்கப்பட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, 2024 மார்ச்சில் குட்டு உடைந்த பிறகுதான் அதை மாற்றி எழுதினார்கள்.

2022, ஏப்ரல் முதல் ஜூன் வரை

இந்த மூன்று மாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 19 அன்று புதியவர் இன்னொரு பேட்ச் அனுப்புகிறார். மூன்றே நாளில் லிஸ்டில் அதுவரை யாரும் பார்த்திராத ஒருவர் வந்து குறைசொல்ல ஆரம்பிக்கிறார். இந்த லிஸ்டில் பேட்ச்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன, எதுவும் சீக்கிரம் நடக்கும் என்று நம்பக் காரணமில்லை என்ற தொனியில். மே 19 அன்று இரண்டாவது ஆள் வருகிறார். எக்ஸ்இசட்டின் ஜாவா மொழிப் பதிப்பை யாராவது கவனிக்கிறார்களா என்று கேட்கிறார். பராமரிப்பாளர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுகிறார். புதியவர் தனக்குத் தனியாக உதவிவருகிறார், வருங்காலத்தில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்று அந்தப் பதிலிலேயே போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

மே கடைசியில் முதல் ஆள் மறுபடியும் வருகிறார்: ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, ஒன்றும் நகரவில்லை, எதிர்பார்த்ததுதான். ஜூன் 7 அன்று இன்னும் ஒரு படி மேலே போகிறார். புதுப் பராமரிப்பாளர் வராமல் இங்கே எதுவும் நடக்காது, இருப்பவருக்கு ஆர்வம் போய்விட்டது என்கிறார்.

மறுநாள் பராமரிப்பாளர் எழுதிய பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலப் பிரச்சினைகளாலும் வேறு சில காரணங்களாலும் தன்னால் அதிகம் கவனிக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது என்று எழுதியிருந்தார். முன்பின் தெரியாதவர்கள் முன்னால், என்றைக்கும் அழியாத ஒரு பொதுக் காப்பகத்தில், ஒரு மனிதர் தன் உடைந்த நிலையை எழுதிவைக்கிறார்.

அதற்குக் கிடைத்த பதில்? ஆறு நாளில் முதல் ஆள் திரும்ப வந்து, உங்கள் வேகத்தில் போனால் இந்த வருடம் 5.4.0 பதிப்பு வராது, ரெப்போவின் (திட்டத்தின் கோடு இருக்கும் களஞ்சியத்தின்) கழுத்தை நெரிக்கிறீர்கள் என்கிறார். ஜூன் 21 அன்று இரண்டாவது ஆள் மிகவும் மரியாதையாக ஒன்று எழுதுகிறார். உங்கள் மனநலம் பற்றி வருத்தம், ஆனால் தன் எல்லை எதுவென்று தெரிந்திருப்பது முக்கியம், சமூகம் இன்னும் அதிகம் எதிர்பார்க்கிறது என்று. எனக்கு முதல் ஆளைவிட இந்த இரண்டாவது ஆள்தான் பயங்கரமாகத் தெரிகிறார். திட்டினால் திருப்பித் திட்டலாம், இப்படி அனுதாபத்தோடு ‘கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்களேன்’ என்று சொன்னால் என்ன செய்வது?

ஜூன் 29 அன்று, புதியவர் நடைமுறையில் ஏற்கெனவே இணைப் பராமரிப்பாளர் மாதிரிதான் என்று பராமரிப்பாளர் எழுதினார், கூடவே ஒரு சிரிப்புக்குறி. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும், நகர்ந்தது.

பின்னால் இந்த மடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தவர்கள் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. அவசரப்படுத்திய அந்த இரண்டு முகவரிகளுக்கும் இணையத்தில் வேறெங்கும் நடமாட்டம் இல்லை. திட்டத்துக்கு ஒரு வரி கோடு தந்ததாகவும் இல்லை. பேட்சில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் பேசவேயில்லை, யார் கையில் சாவி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே பேசினார்கள். காரியம் முடிந்ததும் காணாமல் போனார்கள். இவர்களும் புதியவரும் ஒரே கூட்டம் என்பதற்கு நேரடி ஆதாரம் இல்லை, ஆனால் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கருதுகிறார்கள். நானும்தான்.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. அந்த மடல்கள் அன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை, ஏனென்றால் நாம் எல்லோரும் எழுதுகிற மடல் அது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னத் திட்டத்துக்கு எழுத்துரு தொடர்பாக ஒரு திருத்தம் அனுப்பிவிட்டு ஒன்பதாம் நாளே ‘எனி அப்டேட்?’ என்று கேட்டேன். பதினாறாம் நாள், இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பொறுமைதான் இல்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டால், கெட்ட எண்ணத்தோடு வருபவரை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

எடுத்த முடிவும் அதன் நியாயமும்

பராமரிப்பாளர் பொறுப்பைப் பகிர்ந்தது முட்டாள்தனம் என்று குட்டு உடைந்த பிறகு சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முன்னால் என்ன இருந்தது? திட்டத்தை மூடலாம், அது முடியாது, பாதி உலகம் அதன் மேல் நிற்கிறது. மடல்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், அந்த மனநிலையில் இருக்கும் ஒருவரால் அது எளிதில்லை. அல்லது ஏறக்குறைய ஒரு வருடமாக ஒழுங்காக வேலைசெய்து, டெஸ்ட் எழுதி, கேட்டதைத் திருத்திக்கொடுத்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் மூன்றாவதைச் செய்தார், அதையும் படிப்படியாகச் செய்தார். ‘புதியவர்களை வரவேற்று மெதுவாகப் பொறுப்பைக் கொடுங்கள்’ என்று நாம் எல்லாப் பட்டறையிலும் சொல்லிக்கொடுக்கிறோமே, அதைத்தான் வரி பிசகாமல் செய்தார்.

குறை இருந்த இடம் வேறு. அவருக்கு அருகில் இருந்து பார்க்க மூன்றாவது கண் இல்லை. சாவி புதியவரிடம் போனபோது, அவர் செய்வதைப் படிக்கும் அளவுக்குக் கோடு தெரிந்தவர், களைத்துப்போயிருந்த பராமரிப்பாளர் ஒருவர்தான்.

சாவி கைமாறியது

இந்தப் பகுதி வேகமாக நடந்தது. 2022 நவம்பர் கடைசியில் பிழை அறிவிப்புகள் இருவருக்கும் போகும்படி முகவரி மாறியது. டிசம்பர் 30 முதல் புதியவரே நேரடியாகக் கமிட் செய்தார். 2023 ஜனவரி 11 அன்று 5.4.1 வெளியானது, பழையவர் கையால் வந்த கடைசி ரிலீஸ் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மார்ச் 18 அன்று 5.4.2, புதியவரின் முதல் ரிலீஸ். அதே மாதம், திறமூலத் திட்டங்களுக்குத் தாறுமாறான உள்ளீடு கொடுத்துப் பிழை தேடும் கூகுளின் சேவையில் எக்ஸ்இசட்டுக்கான தொடர்பு முகவரியைத் தன்னுடையதாக மாற்றிக்கொண்டார். ஜூலையில், பின்னால் கள்ளக்கதவுக்குத் தேவைப்படப்போகும் ஒரு வசதியை அந்தச் சோதனையில் மட்டும் அணைத்துவைக்கச் சொன்னார். சொன்ன காரணம் நம்பும்படி இருந்தது, செய்தார்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பொறுப்பான பராமரிப்பாளர் செய்கிற வேலைதான்.

உள்ளே வைத்தது

2024 பிப்ரவரி 23 அன்று டெஸ்ட் கோப்புகள் சில சேர்க்கப்பட்டன. சுருக்கக் கருவிக்கு, கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா, அதற்கான பைனரி கோப்புகள். பைனரியை யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. இப்படிப்பட்ட கோப்புகளைக் கையாலேயே தயாரித்தோம், அதனால் இவற்றுக்கு வேறு மூலம் இல்லை என்று அந்த ஃபோல்டரின் விளக்கக் கோப்பிலும் எழுதியிருந்தது. கள்ளக்கோடு அந்தக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது.

அதை வெளியே எடுத்து பில்டில் சேர்க்கும் வரியோ கிட் ரெப்போவில் இல்லை. ரிலீஸுக்காகச் சுருட்டிக் கொடுக்கும் டார்பாலில் மட்டும் இருந்தது. ரெப்போவைப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சுத்தம். டிஸ்ட்ரோக்கள் (டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்) பேக்கேஜ் கட்டுவது டார்பாலிலிருந்து. அடுத்த நாள் 5.6.0 வெளியானது, இரண்டே நாளில், புதுப் பதிப்புகள் முதலில் வந்துசேரும் டெபியன் அன்ஸ்டேபிளில் ஏறிவிட்டது.

இன்னொன்றையும் காட்ட வேண்டும். பிப்ரவரி 28 அன்று புதியவர், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று பில்டின்போது பார்க்கும் ஒரு சோதனையில் கை வைத்தார். ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்துபார்ப்பதுதான் அந்தச் சோதனை: கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி நிரலின் ஒரு வரியில் தொடக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அதனால் நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது, பாதுகாப்பு வசதி சத்தமில்லாமல் அணைந்துவிடும். மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் இதைப் பார்த்தால் திரையில் ஒட்டிய தூசி என்று துடைக்கப்போவோம்.

மார்ச் முதல் வாரத்திலிருந்து, நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் என்ற கருவியின் எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தன. புதியவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார், மார்ச் 9 அன்று 5.6.1 விட்டார். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் பக்கம் இருந்த ஒருவர் வாரக்கணக்கில் அவரோடு சேர்ந்து அந்தச் சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டதாகப் பின்னால் எழுதினார். பழக இனிமையான ஆள் போலிருக்கிறது. மார்ச் 25 அன்று, வேறொரு புதுப் பெயர் டெபியனில் வந்து 5.6.1-ஐச் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று அவசரப்படுத்தியது. பழைய பாட்டு, புதுக் குரல்.

அரை நொடி

கண்டுபிடித்தவர் பாதுகாப்பு நிபுணராக வேலை பார்ப்பவர் இல்லை. மைக்ரோசாப்டில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலைசெய்யும் டெவலப்பர். டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில் நுணுக்கமாக வேகத்தை அளக்க வேண்டியிருந்தது, அதற்காகக் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச்சின் ப்ராசஸ்கள் தேவையில்லாமல் சிபியூவைத் தின்பது கண்ணில் பட்டது. வெளியிலிருந்து பாட்கள் (தானியங்கி நிரல்கள்) தப்பான பயனர் பெயரில் தட்டிப்பார்க்கின்றன, உடனே விரட்டப்பட வேண்டும், அதற்கு எதற்கு இவ்வளவு சிபியூ? அளந்து பார்த்தார். முன்பு 0.299 நொடி, இப்போது 0.807 நொடி.

நம்மில் எத்தனை பேர் அதை விட்டிருப்போம்! நான் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியிருப்பேன். அவர் தோண்டினார். சில வாரங்களுக்கு முன்னால் வால்கிரைண்ட் காட்டிய ஒரு விநோதமான புகாரும் ஞாபகத்துக்கு வந்தது. நூல் பிடித்துப் போனால் எக்ஸ்இசட் நூலகத்தில் வந்து நின்றது. எஸ்எஸ்ஹெச் நேரடியாக அந்த நூலகத்தைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காக அதில் ஒரு ஒட்டு வேலை செய்திருந்தன, அதன் வழியாக இந்த நூலகமும் உள்ளே ஏறியிருந்தது.

மார்ச் 28 அன்று டெபியனுக்கும் மற்ற டிஸ்ட்ரோக்களின் பாதுகாப்புக் குழுக்களுக்கும் ரகசியமாகச் சொன்னார். மறுநாள் பகிரங்கமாக எழுதினார்.

அடுத்து நடந்தவை

பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்ணாக சிவிஇ-2024-3094 என்பதும், ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்ற மதிப்பும் கிடைத்தன. குறிப்பிட்ட ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து எதையும் இயக்கலாம், அப்படி ஒரு கதவு. டெபியன் பழைய 5.4.5-க்குத் திரும்பியது, எண் பின்னோக்கிப் போக முடியாதென்பதால் பதிப்புக்கு ‘5.6.1+ரியலி5.4.5’ என்று பெயர் வைத்தார்கள். உபுண்டு 24.04 பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. நிலையான பதிப்புகளை ஓட்டிக்கொண்டிருந்த பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கள்ளப் பதிப்பு அங்கெல்லாம் இன்னும் போய்ச் சேரவில்லை.

கிட்ஹப் ரெப்போவை முடக்கியது. புதியவரின் கணக்கோடு பழைய பராமரிப்பாளரின் கணக்கும் சில நாட்கள் முடங்கிக்கிடந்தது, அவருக்கு இதுவும் ஒரு கேடு. கணக்குத் திரும்பக் கிடைக்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டார். மேலே சொன்ன அந்த முற்றுப்புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்தவர் அவர்தான். மே 29 அன்று கள்ளக்கதவும் அதற்குத் துணையாகச் சேர்த்த வசதியும் நீக்கப்பட்ட 5.6.2-ஐ அவரே வெளியிட்டார்.

ஏப்ரல் நடுவில், ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களைப் பேணும் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளை, தங்கள் திட்டம் ஒன்றுக்கும் இதே மாதிரி மடல்கள் வந்ததாக எச்சரித்தது. விவரம் எதுவும் சொல்லாமல் ‘முக்கியமான ஓட்டை இருக்கிறது, சீக்கிரம் புதுப்பியுங்கள், எங்களைப் பராமரிப்பாளராக்குங்கள்’ என்று. ஜூலை 1 அன்று வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 (பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் மென்பொருள்), சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லும் வேலையை எந்த நூலகத்தின் துணையும் இல்லாமல் தானே செய்துகொண்டது. சிஸ்டம்டியும் சுருக்க நூலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் முறைக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கான வேலை குட்டு உடைவதற்கு முன்பே, பிப்ரவரி கடைசியிலேயே தொடங்கியிருந்தது. புதியவர் மார்ச்சில் அவ்வளவு அவசரப்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள்.

என்ன மாற வேண்டும்

தொழில்நுட்பத் தரப்பில் சொல்ல வேண்டியது எளிது. டார்பாலில் இருப்பதும் ரெப்போவில் இருப்பதும் ஒன்றா என்று கருவியை வைத்து ஒப்பிட வேண்டும், முடிந்தால் ரெப்போவிலிருந்தே கட்ட வேண்டும். டெஸ்ட் கோப்புகள் பைனரியாக இருந்தால் அவற்றை உருவாக்கும் ஸ்கிரிப்டும் கூடவே இருக்க வேண்டும்.

ஆட்கள் தரப்புதான் கஷ்டம். 2022 ஜூன் 8 மடலுக்குத் திரும்பப் போகிறேன். அந்த வாரம் டெபியனிலிருந்தோ, இந்த நூலகத்தை வைத்துக் காசு பார்க்கும் ஏதாவதொரு நிறுவனத்திலிருந்தோ ஒருவர் வந்து, ‘ஜாவா பகுதியை ஆறு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்’ என்று சொல்லியிருந்தால், பாதி அழுத்தம் அங்கேயே வடிந்திருக்கும். அல்லது லிஸ்டில் இருந்த ஒருவர், அவசரப்படுத்தியவரைப் பார்த்து, ‘சரி, அந்த பேட்சை நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா? என்ன தெரிந்தது?’ என்று கேட்டிருந்தால் போதும். உண்மையான பயனர் என்றால் பதில் இருக்கும். இப்போது நான் இருக்கும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ‘என்ன ஆச்சு?’ என்று எழுதத் தோன்றும்போது, அதற்கு முன்னால் வரிசையில் கிடக்கும் வேறொருவரின் பேட்ச் ஒன்றை ஓட்டிப்பார்த்து முடிவை எழுதுகிறேன். எப்போதும் என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும்.

நானும் இன்னொருவரும் கவனிக்கும் ஒரு சின்னத் திட்டத்தில், கமிட் உரிமை கேட்பவர்கள் முதலில் சில வாரங்கள் மற்றவர்களின் பேட்ச்களைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், ரிலீஸ் விடுவதற்கு எப்போதும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தோம். போன மாதம் ஒருவர் நல்ல திருத்தங்கள் மூன்று அனுப்பிவிட்டு உரிமை கேட்டார். விதியைச் சொன்னேன். ‘என்னை எக்ஸ்இசட் ஆள் மாதிரி பார்க்கிறீர்களா’ என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். பெரும்பாலும் நியாயமான பையன்தான். அவருடைய நான்காவது பேட்ச் பாதியில் நிற்கிறது, அதை முடிக்க இப்போதைக்கு எங்கள் இருவருக்கும் நேரமில்லை.